கடல் வரும் நேரம் பார்த்து வாருங்கள்

"மாமா, உங்க ஊர்ல பீச் இருக்கா?"

பள்ளி விடுமுறைக்குப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகன் கேட்டான். ஒன்பது வயது. கையில் அவன் அம்மாவின் கைப்பேசி. அதில் ஏதோ ஒரு கரீபியன் தீவு. வெள்ளை மணல், கண்ணாடி போன்ற நீர், சாய்ந்து நிற்கும் தென்னை.

"இருக்கு. ஆனா அது மாதிரி இல்லை" என்றேன்.

பத்து பாகாட்டில் பிறந்து வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள், இதே பதில்தான் வரும். பலர் இன்னும் ஒரு படி மேலே போய், "நம்ம ஊர்ல எங்க கடற்கரை? எல்லாம் சேறுதான்" என்று முடித்துவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொன்னவன்தான். கடல் பார்க்க வேண்டுமென்றால் போர்ட்டிக்சன், டெசாரு, மெர்சிங் என்று வண்டியைத் திருப்பிவிடுவோம். மலாக்கா நீரிணை வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் இருப்பதே நினைவுக்கு வராது.

அன்று பையன் விடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்குப் பக்கக் கரை ஒன்றுக்குப் போனோம். மணி மூன்று இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டுக் கரைமேட்டில் ஏறிப் பார்த்தால், கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறு. அதற்கும் அப்பால் மெல்லிய கோடாகத் தண்ணீர். மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டு நின்ற நேரத்தில் பையன் சரிவில் இறங்கித் தண்ணீரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டான். பத்தடி போவதற்குள் முழங்கால் வரை புதைந்துவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனான். அழ ஆரம்பித்தான். நான் ஓடினேன், எனக்கும் கால் புதைந்தது. பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், ஒரு நீளப் பலகையைச் சேற்றின்மேல் தள்ளிக்கொண்டு வந்தார். பையனைப் பின்பக்கமாகச் சாயச் சொல்லி, காலை மெதுவாக ஆட்டச் சொல்லி, பலகையின்மேல் கிடத்தி இழுத்துக் கரை சேர்த்தார். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது.

பெரியவர் கோபப்படவில்லை. வரும்போது நிலாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். நேற்றுத்தான் பௌர்ணமி, இன்று தண்ணீர் தூரமாகப் போகும் நாள், இது தெரியாமல் ஏன் பிள்ளையைக் கூட்டி வந்தீர்கள் என்பது அவர் கேள்வி.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

நாள்காட்டியில் இருக்கிறது கடல்

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் நல்ல நேரம், இராகு காலம் பார்க்கிறோம். அதிலேயே கடலின் நேரமும் இருக்கிறது. திதியைப் பார்த்தால் போதும்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் நிலாவும் பூமியும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்வதால் அந்த நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் கடல் மிக உயரமாக ஏறும், மிகத் தூரமாக இறங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கும். ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு.

நம் கரையில் நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த இறக்கத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இந்தச் சனிக்கிழமை மாலையில் நிறைந்து நின்ற கடல், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் காணாமல் போயிருக்கலாம். "போன வாரம் வந்தபோது நன்றாக இருந்ததே" என்று கரையில் நின்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் காரணம்.

திதி உங்களுக்கு ஏற்றம் எவ்வளவு என்பதைச் சொல்லும். மணி எத்தனை என்பதற்குக் கைப்பேசியில் 'பாசாங் சூருட் பத்து பாகாட்' என்று தேடினால் அன்றைய அட்டவணை வந்துவிடும். உயர்நீர் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கரையில் இருங்கள். கடல் உங்களை நோக்கி வருவதைப் பார்க்கலாம்.

இதை நான் எப்போதோ கற்றிருக்க வேண்டும். அப்பா இறந்தபோது அஸ்தியைக் கரைக்க மின்யாக் பெக்குவுக்கு வந்தோம். காலை பத்து மணி. கடல் இருக்க வேண்டிய இடத்தில் சேறு. அண்ணன் கையில் சட்டி. இறங்கி நடக்கவும் முடியாது, திரும்பிப் போகவும் மனம் வராது. சடங்கு செய்ய வந்த ஐயாவுக்கு வேறு ஒரு வீட்டில் வேலை இருந்தது. இருந்தாலும் அவர் போகவில்லை. ஒரு மர நிழலில் எல்லாரும் உட்கார்ந்தோம். முதலில் மௌனமாக இருந்தோம். பிறகு அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். பிற்பகல் ஒரு மணியளவில் தண்ணீர் பாறைகளைத் தொட்டது. அந்த மூன்று மணி நேரத்தில் நாங்கள் பேசியவை அப்பாவின் பதினாறாம் நாளில் பேசியதைவிட அதிகம். ஆனாலும் சொல்கிறேன், அஸ்தி கரைக்க வருபவர்கள் நீர் நேரம் பார்த்து வாருங்கள். அவசரப்பட்டுச் சேற்றில் விட்டுவிட்டுப் போன சட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வயிறு பிசையும். ஜெட்டி உள்ள இடத்தில் மீனவர்களிடம் கேட்டால் படகில் அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்யலாம்.

ஏன் இங்கே சேறு, அங்கே மணல்?

ஒரே ஜொகூர் மாநிலம். கிழக்கே மெர்சிங்கில் மணல், மேற்கே பத்து பாகாட்டில் சேறு. கடவுள் நமக்கு மட்டும் வஞ்சகம் செய்யவில்லை. காரணம் எளிது.

கிழக்குக் கரைக்கு எதிரே பரந்து கிடப்பது தென்சீனக் கடல். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெரிய அலைகள் வந்து மோதுகின்றன. மெல்லிய சேறு அங்கே தங்க முடியாது. கனமான மணல்தான் நிற்கும். நமக்கு எதிரே இருப்பதோ சுமத்ரா. அந்தப் பெரிய தீவு ஒரு சுவர்போல நின்று பேரலைகளைத் தடுத்துவிடுகிறது. நீரிணை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சிம்பாங் கானான், சிம்பாங் கிரி ஆறுகள் சேர்ந்து பத்து பாகாட் ஆறாகி, உள்நாட்டு மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகின்றன. அலை இல்லாத இடத்தில் அந்த வண்டல் மெல்லப் படிகிறது. படிந்த சேற்றில் கண்டல் மரம் முளைக்கிறது. மரம் இன்னும் சேற்றைப் பிடித்துவைக்கிறது.

ஆக, நம் சேறு அழுக்கு அல்ல. அமைதியான கடலின் அடையாளம். பழைய போர்த்துக்கீசிய மாலுமிகள் இந்த ஆற்றுக்கு 'ரியோ ஃபொர்மோசோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். அழகிய ஆறு என்று பொருள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போனது வேடிக்கைதான்.

மின்யாக் பெக்கு: ஊருக்குப் பெயர் தந்த பாறை

முதலில் போக வேண்டிய இடம் கம்போங் மின்யாக் பெக்கு. நகரத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோ மீட்டர். சேற்றுக் கரைகளுக்கு நடுவே இங்கு பாறைகள் இருப்பதால், நீர் குறைந்த நேரத்திலும் உட்கார்ந்து கடல் பார்க்க ஓர் இடம் கிடைக்கும்.

'பத்து பாகாட்' என்றால் உளியால் செதுக்கிய கல். அந்தப் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் பழைய கிணறு இந்தக் கம்போங்கில்தான் இருக்கிறது. மலாக்காவைத் தாக்க வந்த சயாம் படையினர் குடிநீருக்காகக் கடலோரப் பாறையைச் செதுக்கிக் கிணறு வெட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். உப்புக் கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் தேடியவர்களின் கதை அவர்களுக்குப் பிடிக்கும். இன்னொரு பெயரும் உண்டு. நகரத்தின் பெயர் பண்டார் பெங்காராம். 'காராம்' என்றால் உப்பு. உப்புக் காய்ச்சியவர்களின் ஊர். ஒரு பெயர் நல்ல தண்ணீரைப் பற்றியது, மற்றொரு பெயர் உப்புத் தண்ணீரைப் பற்றியது. இரண்டுமே கடல் தந்த பெயர்கள்.

'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூல் இந்தக் கரையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. 1456-ஆம் ஆண்டு என்று வழக்கமாகக் குறிப்பிடப்படும் போர் அது. சயாம் கப்பல்கள் பத்து பாகாட் வரை வந்துவிட்டன. மலாக்காவின் தளபதி துன் பேராக் இரவோடு இரவாகக் கரையோரக் கண்டல் மரங்களில் தீப்பந்தங்களைக் கட்டச் சொன்னார். இருட்டில் எண்ணற்ற விளக்குகளைக் கண்ட சயாம் படை, பெரிய கப்பற்படை ஒன்று காத்திருக்கிறது என்று எண்ணித் திரும்பிவிட்டது. மலாக்காவைக் காப்பாற்றிய மரங்களில் நம் ஊர்க் கண்டலுக்கும் பங்குண்டு என்று பையனிடம் சொன்னேன். அவன் அந்தச் சேற்று மரங்களை அதன் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

மாலையில் போவது நல்லது. கரை மேற்கு நோக்கி இருப்பதால் சூரியன் நேராகக் கடலில் இறங்கும். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது. ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். தூரத்தில் கப்பல்கள் வரிசையாகப் போவது தெரியும். உலகின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்றை இலவசமாகப் பார்க்கிறீர்கள். பாறைகளில் பாசி வழுக்கும், சிப்பி ஓடுகள் கத்திபோல் இருக்கும். வெறுங்காலில் பிள்ளைகளை விட வேண்டாம்.

அதே கரையில் செகெந்திங் என்ற சீன மீனவர் கிராமம் இருக்கிறது. அங்குள்ள சொங் லொங் கோங் கோயிலுக்குச் சிறுவர்களோடு போனால் எளிதில் திரும்ப முடியாது. காரணம், அங்குள்ள அராப்பைமா மீன்கள். அமேசான் ஆற்றைச் சேர்ந்த இராட்சத மீன் வகை. மேட்டில் ஏறிநின்றால் நீரிணை விரிந்து கிடக்கும். கோயில் என்பதால் உடையிலும் சத்தத்திலும் கவனம் வேண்டும். மீன் வாங்க நினைப்பவர்கள் படகுகள் திரும்பும் நேரத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். படகு வருவதும் நீர் ஏற்றத்தைப் பொறுத்ததுதான்.

புங்கூர் சேற்றில் ஒரு போர்க்கதை

ஐந்தாம் எண் சாலையில் தெற்கே போனால் செங்காராங், அதற்கப்பால் ரெங்கிட். அந்தப் பக்கத்தில்தான் புங்கூர் கரை. சாலையின் இரு பக்கமும் 'பாரிட்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள். பாரிட் என்றால் கால்வாய். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்து, தென்னையும் பாக்கும் வைத்துக் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஜாவாக்காரர்கள். கால்வாயின் பெயரே ஊருக்கும் நின்றுவிட்டது.

1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியப் படை பத்து பாகாட்டைப் பிடித்தபோது, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் செங்காராங்கில் வழியடைபட்டார்கள். சாலையில் போக முடியாது. கனரக வாகனங்களையும் பீரங்கிகளையும் கைவிட்டுவிட்டு, சதுப்பு வழியே நடந்து புங்கூர் ஆற்று முகத்துக்கு வந்தார்கள். அங்கிருந்து 2,000-க்கும் மேற்பட்டோர், அடுத்தடுத்த இரவுகளில் சிறு படகுகளில் ஏறி, கடலில் நின்ற கப்பல்களுக்குப் போய்ச் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். சிங்கப்பூரும் சில வாரங்களில் வீழ்ந்தது வேறு கதை. இந்தச் சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்த எனக்கு, காயத்தோடும் களைப்போடும் இரவில் இதைக் கடந்தவர்களை நினைத்தால் உடல் சிலிர்க்கிறது.

புங்கூர் பக்கம் குளிக்கும் இடமல்ல. பார்க்கும் இடம். நீர் பாதி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் போங்கள். சேற்றுப் பரப்பில் இரை தேடும் பறவைகளை ஏறும் நீர் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சேற்றில் தாவும் 'இக்கான் பெலாச்சாக்' மீனைக் காணலாம். தண்ணீருக்கு வெளியே துள்ளி நடக்கும் மீனைப் பார்த்த பிள்ளை கைப்பேசியைக் கீழே வைத்துவிடும், இது என் அனுபவம். ஒரு பக்கம் மட்டும் பெரிய கொடுக்கு உள்ள சிறு நண்டுகள் வளை வாசலில் நின்று கையசைப்பதுபோல் கொடுக்கை ஆட்டும். ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கொடுக்கு.

பறவை ஆர்வம் உள்ளவர்கள் எதிர்த்திசையில் மூவார் சாலையில் போய்ப் பாரிட் ஜாவாவில் இறங்கலாம். மொட்டைத் தலைப் பெருநாரையான 'பூரோங் போத்தாக்' சேற்றில் நிற்பதைப் பார்க்க வெளிநாட்டினரும் அங்கே வருகிறார்கள். பறவை பார்த்த பிறகு அசாம் பெடாஸ். அந்த ஊருக்குப் பெயரே அதனால்தான். நம் மீன் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். புளிப்பு ஒன்று, மணம் வேறு.

முழு நாள் கிடைத்தால் தெற்கே பொந்தியானைத் தாண்டித் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. கண்டல் காட்டுக்குள் பலகைப் பாலத்தில் நடக்கலாம். தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், சுங்கை பூலாய் மூன்றும் 2003-இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. கிளம்பும் முன் பூங்கா திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அலையை ஆற்றும் மரம்

தமிழில் இந்தக் காட்டுக்கு ஒரு பெயர் உண்டு. அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது. மரம் என்ன செய்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது தில்லை மரத்தால். அது கண்டல் காட்டு மரம். இங்கே மலாய்க்காரர்கள் அதை 'பூத்தா பூத்தா' என்பார்கள். 'பூத்தா' என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே பிள்ளைகள் கண்டல் மரக் கிளைகளை ஒடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்தது பரவலாகப் பேசப்பட்டது. அங்கே நம் தாத்தா பாட்டி பார்த்த மரமும் இங்கே நம் கரையில் நிற்கும் மரமும் ஒரே குடும்பம்.

இந்த மரம் நமக்கு ஏன் முக்கியம்? பத்து பாகாட் மாவட்டத்தின் கடலோர நிலம் தட்டையானது, தாழ்வானது. பல இடங்களில் கடலுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே நிற்பது ஒரு மண்கரைதான். 'பான்' என்பார்கள். கால்வாய் முனையில் மடைக்கதவு இருக்கும். நீர் இறங்கும்போது கதவு திறந்து உள்நீர் வெளியேறும். கடல் ஏறும்போது கதவு மூடும். 1970-களில் தொடங்கிய மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டத்தில் இந்தக் கரைகளும் கதவுகளும் பெரிய அளவில் அமைக்கப்பட்டன. நம் வீடு, கொக்கோ, செம்பனை, பாக்கு எல்லாம் இந்த ஏற்பாட்டை நம்பித்தான்.

கரைக்கு முன்னால் கண்டல் இருந்தால், அலை அதில் களைத்துப்போய்த்தான் கரையைத் தொடும். கண்டல் போன இடத்தில் அலை நேராக மண்ணை அறுக்கிறது. கடற்கரையில் வேர் வெளியே தெரிய விழுந்துகிடக்கும் மரங்களைப் பார்த்தால் புரியும். அமாவாசை, பௌர்ணமிப் பெருநீரோடு காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால் கடல் நீர் கரைதாண்டி ஊருக்குள் வந்துவிடும்.

2023 மார்ச் வெள்ளம் நம்மில் பலருக்கு மறக்காது. பத்து பாகாட் மாவட்டத்தின் பல பகுதிகளில் தண்ணீர் வடிய வாரக்கணக்கானது. மழை நின்ற பிறகும் ஏன் வடியவில்லை என்று அன்று எல்லாரும் கேட்டோம். நிலம் தட்டையாக இருக்கும்போது நீர் மெதுவாகத்தான் நகரும். கடைசியில் போய்ச் சேர வேண்டிய கடலோ நாளுக்கு இரண்டு முறை ஏறி நின்று வழியை மறிக்கும். கடற்கரைக்கே போகாதவர் வீட்டு வாசலையும் கடலின் ஏற்ற இறக்கம் தொடுகிறது. கடலைத் தெரிந்துகொள்வது பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளை மணல்தான் வேண்டுமென்றால்

அதற்கும் வழி நம் ஊரிலேயே தொடங்குகிறது. ஐம்பதாம் எண் கூட்டரசுச் சாலை பத்து பாகாட்டில் ஆரம்பித்து, ஆயர் ஈத்தாம், குளுவாங், காஹாங் வழியாக ஜெமாலுவாங் போகிறது. அங்கிருந்து மெர்சிங் பக்கம்தான். தீபகற்பத்தின் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். காலையில் குளுவாங்கில் பசியாறிவிட்டுப் போனால் மதியத்துக்குள் தென்சீனக் கடல். ஒரே நாளில் இரண்டு கடலையும் காட்டினால் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன சேறு, மணல் பாடம் புத்தகமில்லாமல் புரியும்.

மெர்சிங்கிலிருந்து ராவா, பெசார், தியோமான் தீவுகளுக்குப் படகு உண்டு. படகு நேரம் அங்கேயும் நீர் ஏற்றத்தைப் பொறுத்தே மாறும், ஆற்று முகம் ஆழம் குறைந்தது. முன்பதிவு செய்யும்போதே நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். தீவுக்குப் போகாதவர்களுக்கு மெர்சிங்கின் வடக்கே ஆயர் பாப்பான் கரை இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை பருவக்காற்றுக் காலம், அப்போது அங்கே கடலில் இறங்க வேண்டாம். மற்ற மாதங்களிலும் சிவப்புக் கொடி இருந்தால் கரையோடு நின்றுவிடுங்கள். நீரோட்டம் உங்களை வெளியே இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகக் கூடாது. மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட இடத்தில் கரை திரும்ப வேண்டும். இதை வண்டியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

புறப்படும் முன்

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் யோங் பெங் அல்லது ஆயர் ஈத்தாமில் வெளியேறலாம். சுமார் மூன்று மணி நேரம். ஜொகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டதால் அந்த இரண்டு மாலைகளில் கூட்டம் இருக்கும். முடிந்தால் காலையில் வாருங்கள்.

சேற்றில் இறங்காதீர்கள். தவறிப் புதைந்தால் காலை மேலே இழுக்காமல், பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி விடுவித்து, தவழ்ந்து வெளியேறுங்கள். நீர் ஏறும் நேரமாக இருந்தால் உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அந்தி நேரத்தில் 'ஆகாஸ்' பூச்சி கடிக்கும். முழுக்கால் சட்டை போடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாலும் ஓரளவு தாங்கலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை பின்னிரவிலும் விடியற்காலையிலும் சுமத்ரா பக்கத்திலிருந்து திடீர்ப் புயல்மழை வரும். வானம் கறுத்தால் திறந்த கரையில் நிற்காமல் வண்டிக்குள் போய்விடுங்கள். சாமான் வாங்கும் பிளாஸ்டிக் பையில் ஒன்றைக் குப்பைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டல் வேரில் சிக்கிய பிளாஸ்டிக் எளிதில் வெளியே வராது. பசித்தால் வழிநெடுகக் கடைகளில் சூடான பீசாங் கோரெங் கிடைக்கும். ஜொகூரில் அதைச் சம்பல் கிச்சாப்பில் தொட்டுத்தான் சாப்பிட வேண்டும். இனிப்பும் காரமுமா என்று யோசிக்காதீர்கள், ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்.

பத்து நாள் கழித்து அக்காள் குடும்பம் மறுபடியும் வந்தது. இந்த முறை நாள்காட்டியைக் கிழித்துப் பார்த்தவன் மருமகன். அமாவாசைக்கு இன்னும் நான்கு நாள், மாலை ஆறரைக்கு நீர் நிறையும் என்று கைப்பேசியில் பார்த்துச் சொன்னவனும் அவனே. ஐந்து மணிக்கு மின்யாக் பெக்குவில் இருந்தோம். பாறையில் ஒரு கோட்டைக் காட்டி, அதைத் தண்ணீர் எப்போது தொடும் என்று அம்மாவிடம் பந்தயம் கட்டினான். அரை மணி நேரத்தில் தோற்றான், மறுபடி கட்டினான்.

"தாத்தாவை இங்கதான விட்டீங்க?" என்று திடீரென்று கேட்டான். அவன் பிறப்பதற்கு முன் நடந்தது. அக்காள் சொல்லியிருக்க வேண்டும்.

ஆமாம் என்றேன். எந்த மரத்தடியில் காத்திருந்தோம் என்று கேட்டான், காட்டினேன். தண்ணீர் அவன் போட்ட மூன்றாவது கோட்டைத் தாண்டியிருந்தது.